அத்தியாயம் 9: பூட்லோடரில் திரைப் பிரிட்ஜ் சிப்பை எழுப்புதல்

கருவியின் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஏதாவது தெரிய வேண்டும் என்றுதான் வாங்குகிறவர் எதிர்பார்ப்பார். கெர்னல் ஏறி, அதன் டிரைவர்கள் ஒவ்வொன்றாக எழுந்து, பிறகு படம் வரும் என்று விட்டால் சில வினாடிகள் கறுப்புத் திரைதான் மிச்சம். அந்த இடைவெளியில் பொத்தானை மறுபடி அழுத்துகிறவர்களும் உண்டு. அதனால்தான் முதல் படத்தைக் காட்டும் வேலை பூட்லோடரின் தலையில் விழுகிறது.

ப்ராசஸரிலிருந்து பேனலுக்கு நேராகக் கம்பி போகும் போர்டில் இது சிறிய வேலை. நடுவே பிரிட்ஜ் சிப் ஒன்று உட்கார்ந்திருந்தால் கதை மாறும். ஆவணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிட்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும், சிக்கல் எல்லாம் அந்த மதிப்புகளில்தான் இருக்கிறது என்று தோன்றும். மதிப்புகளைக் கால்குலேட்டர் வைத்துக் கணக்கிட்டுவிடலாம். வேலை கெடுவது பெரும்பாலும் வேறு இடத்தில்: எதை முதலில் செய்கிறோம், எதற்காக எத்தனை மில்லிவினாடி காத்திருக்கிறோம் என்பதில். இந்த அத்தியாயம் அந்த வரிசையைப் பற்றியது.

பிரிட்ஜ் சிப் எதற்கு

கைப்பேசிக்காகப் பிறந்த ப்ராசஸர்கள் படத்தை மிப்பி டிஎஸ்ஐ வழியாக வெளியே அனுப்புகின்றன. தொழிற்சாலைக் கருவிகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் வரும் பேனல்களில் பெரும்பாலானவை எல்விடிஎஸ் கேட்கின்றன. மடிக்கணினிப் பேனல்கள் இடிபி கேட்கின்றன. இரண்டு பக்கமும் ஒத்துவராத இடத்தில் பிரிட்ஜ் சிப் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கிறது.

2012-ல் வந்த சாம்சங் க்ரோம்புக்கில், எக்ஸினோஸ் 5250 ப்ராசஸருக்கும் எல்விடிஎஸ் பேனலுக்கும் இடையே என்எக்ஸ்பி நிறுவனத்தின் பிடிஎன்3460 இருந்தது. அடுத்த ஆண்டு அதே ப்ராசஸரோடு வந்த எச்பி க்ரோம்புக் 11-ல் அந்த இடத்தைப் பாரேட் நிறுவனத்தின் பிஎஸ்862 வரிசைச் சிப் எடுத்துக்கொண்டது. ஆல்வின்னர் ஏ64 வைத்த பைன்புக்கில் அனலாஜிக்ஸின் ஏஎன்எக்ஸ்6345 இருக்கிறது. இந்த மூன்றுக்கும் யூ-பூட்டில் டிரைவர்கள் உண்டு. வீடியோ அடைவுக்குள் உள்ள பிரிட்ஜ் என்ற உள்ளடைவில் அவற்றைப் பார்க்கலாம். புதிய சிப்புக்கு டிரைவர் எழுதுமுன் இந்த மூன்றையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஒவ்வொன்றும் சில நூறு வரிகளுக்குள்தான்.

நாம் எடுத்துக்கொள்ளப்போவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்என்65டிஎஸ்ஐ83. டிஎஸ்ஐ நான்கு லேன் வரை வாங்கி, ஒற்றை இணைப்பு எல்விடிஎஸ் ஆகக் கொடுக்கும். 1.8 வோல்ட்டில் இயங்கும். டிஎஸ்ஐ கிளாக் 40 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கலாம். எல்விடிஎஸ் கிளாக் 25 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். கட்டளைகளை ஐ2சி வழியாக வாங்கிக்கொள்ளும்.

இனி வரும் ரெஜிஸ்டர் முகவரிகளும் அவற்றில் எழுதும் மதிப்புகளும் பதினாறடிமானத்தில். மெகாஹெர்ட்ஸ், பிக்சல், மில்லிவினாடி போன்றவை வழக்கமான பதின்மத்தில்.

கையில் இருக்க வேண்டியவை

கோடு எழுத உட்காருமுன் ஐந்து விவரங்களைச் சேகரித்துக்கொள்ளுங்கள்.

1. பேனலின் நேர அளவுகள்: செயல்படும் பிக்சல், முன் இடைவெளி, சிங்க் அகலம், பின் இடைவெளி. கிடை, நெடு இரண்டுக்கும் வேண்டும்.
2. பேனலின் மின் வரிசை: மின்சாரம் கொடுத்து எத்தனை மில்லிவினாடியில் சிக்னல் வர வேண்டும், அதன்பின் எவ்வளவு நேரம் கழித்துப் பேக்லைட் எரியலாம், அணைத்தபின் மறுபடி ஏற்ற எவ்வளவு இடைவெளி வேண்டும்.
3. பேனல் 18 பிட்டா 24 பிட்டா, 24 என்றால் வேசா அமைப்பா ஜெய்டா அமைப்பா.
4. சிப்பின் எனேபிள் பின் ப்ராசஸரின் எந்த ஜிபிஐஓ-வில் சேர்கிறது, முகவரிப் பின் உயரமா தாழ்வா. தாழ்வானால் ஐ2சி முகவரி 2சி; உயரமானால் 2டி.
5. சிப்புக்குத் தனி ரெஃபரன்ஸ் கிளாக் உண்டா, அல்லது டிஎஸ்ஐ கிளாக்கையே நம்பியிருக்கிறதா.

ஐந்தாவது விவரம் சிறியதாகத் தெரியும். ஆனால் வரிசை முழுவதையும் தீர்மானிப்பது அதுதான். தனிக் கிளாக் இல்லாத போர்டில், டிஎஸ்ஐ கிளாக் ஓடாமல் சிப்பின் பிஎல்எல் எழவே எழாது. செலவைக் குறைக்கப் பல போர்டுகளில் தனிக் கிளாக்கை விட்டுவிடுகிறார்கள். எனவே அந்த நிலையையே எடுத்துக்கொண்டு மேலே போவோம்.

கணக்கு

1280 × 800 பிக்சல் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிடைவாக்கில் முன் இடைவெளி 48, சிங்க் 32, பின் இடைவெளி 80. ஒரு வரிக்கு மொத்தம் 1440. நெடுவாக்கில் முன் 3, சிங்க் 6, பின் 14. ஒரு சட்டகத்துக்கு மொத்தம் 823 வரிகள். பிக்சல் கிளாக் 71 மெகாஹெர்ட்ஸ். 71,000,000-ஐ 1440-ஆலும் 823-ஆலும் வகுத்தால் வினாடிக்கு 59.9 சட்டகம்.

ஒரு பிக்சலுக்கு 24 பிட். 71 × 24 = 1704 மெகாபிட். நான்கு லேனுக்குப் பிரித்தால் லேனுக்கு 426. டிஎஸ்ஐ கிளாக்கின் ஏறுமுகம், இறங்குமுகம் இரண்டிலும் பிட் போவதால் கிளாக் அதில் பாதி: 213 மெகாஹெர்ட்ஸ்.

213-ஐ 71-ஆல் வகுத்தால் 3. இந்த விகிதம் முழு எண்ணாக வந்தே ஆக வேண்டும். ஏனென்றால் சிப் டிஎஸ்ஐ கிளாக்கை முழு எண்ணால் வகுத்துத்தான் எல்விடிஎஸ் கிளாக்கை உண்டாக்குகிறது. 24 பிட்டும் நான்கு லேனும் என்றால் விகிதம் 3. இரண்டு லேன் என்றால் 6. 18 பிட்டைச் சுருக்கி நான்கு லேனில் அனுப்பினால் 2.25 வரும், அது செல்லாது. 18 பிட் பேனலுக்கும் டிஎஸ்ஐ-யில் 24 பிட்டாகவே அனுப்பிவிட்டு, கடைசி இரண்டு பிட்களைச் சிப்பிடமே வெட்டச் சொல்வதுதான் நடைமுறை வழி. ரெஜிஸ்டர் 18-ல் 24 பிட் முறைக்கான பிட் 3-ஐ அணைத்து, வடிவம் 1-க்கான பிட் 1-ஐ ஏற்றினால் சிப் அதைச் செய்துவிடும்.

இன்னொரு சிக்கலையும் இங்கேயே முடித்துவிடலாம். ப்ராசஸரின் பிஎல்எல் 213 மெகாஹெர்ட்ஸைத் துல்லியமாகத் தர முடியாமல் 216 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் அதை 3-ஆல் வகுத்துப் பேனலுக்கு 72 கொடுக்கும். உங்கள் டிஸ்ப்ளே கன்ட்ரோலரோ 71 வேகத்தில் பிக்சலைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் தள்ளும் வேகமும் மறுபக்கம் எடுக்கும் வேகமும் ஒவ்வாமல் படம் வழுக்கும். சரிசெய்யும் முறை எளிது: பிக்சல் கிளாக்கையும் 72 ஆக்கிவிடுங்கள். சட்டக வேகம் 60.75 ஆகும், பேனலின் ஆவணம் அனுமதிக்கும் எல்லைக்குள் அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதலில் ப்ராசஸர் தரக்கூடிய டிஎஸ்ஐ கிளாக்கைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பிக்சல் கிளாக்கை எடுப்பதுதான் நல்ல பழக்கம்.

ரெஜிஸ்டர் மதிப்புகள்

மேலே போட்ட கணக்கு ரெஜிஸ்டர்களில் இப்படி இறங்கும்.

- 0ஏ → 05. பிட் 0 ஏறினால் டிஎஸ்ஐ கிளாக்கே மூலம் என்று பொருள். பிட் 1 முதல் 3 வரை எல்விடிஎஸ் கிளாக்கின் வீச்சு. 62.5 முதல் 87.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வீச்சின் எண் 2. நம்முடைய 71 அதற்குள் விழுகிறது.
- 0பி → 10. பிட் 3 முதல் 7 வரை வகுக்கும் எண், ஒன்று குறைத்து. 3-ஆல் வகுக்க 2 என்று எழுத வேண்டும்.
- 10 → 26. பிட் 3, 4 லேன் எண்ணிக்கை. இரண்டும் 0 என்றால் நான்கு லேன். இரண்டு லேன் போர்டுக்கு 36. மற்ற பிட்கள் இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும்.
- 12 → 2ஏ. டிஎஸ்ஐ கிளாக்கை 5-ஆல் வகுத்த ஈவு. 213-க்கு 42, அது பதினாறடிமானத்தில் 2ஏ.
- 18 → 78. டிஇ நேர்மறை, இரு சிங்கும் எதிர்மறை, 24 பிட், வேசா அமைப்பு. ஜெய்டா பேனல் என்றால் பிட் 1-ஐயும் ஏற்ற வேண்டும். மதிப்பு 7ஏ ஆகும்.
- 20, 21 → 00, 05. வரியின் நீளம் 1280.
- 28, 29 → 21, 00. சிங்க் தாமதம். குறைந்தது 32 பிக்சல் கிளாக் வேண்டும். இங்கே ஒன்று கூட்டி 33.
- 2சி, 2டி → 20, 00. கிடை சிங்க் 32.
- 30, 31 → 06, 00. நெடு சிங்க் 6.
- 34 → 50. கிடை பின் இடைவெளி 80.

கீழே உள்ளவை டெஸ்ட் பேட்டர்னுக்கு மட்டும் தேவை. உண்மையான படம் ஓடும்போது சிப் இவற்றைப் பார்ப்பதில்லை. ஆனாலும் எழுதி வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

- 24, 25 → 20, 03. உயரம் 800.
- 36 → 0இ. நெடு பின் இடைவெளி 14.
- 38 → 30. கிடை முன் இடைவெளி 48.
- 3ஏ → 03. நெடு முன் இடைவெளி 3.

இந்த எண்களை டிரைவருக்குள் அட்டவணையாகப் பதித்துவிடும் பழக்கம் பரவலாக உண்டு. ஒரே பேனல் என்று உறுதியாகத் தெரிந்தால் குற்றமில்லை. பேனல் மாறக்கூடிய பொருளாக இருந்தால், டிவைஸ் ட்ரீயில் உள்ள நேர அளவுகளிலிருந்தே கணக்கிட்டு எழுதுங்கள். கொள்முதல் பிரிவு வேறு பேனலைக் கொண்டுவந்து நிறுத்தும் நாளில் உழைப்பு மிச்சமாகும்.

எழுப்பும் வரிசை

சிப்பின் ஆவணம் சொல்லும் வரிசை இது. இதில் ஒரு படியையும் இடம் மாற்றாதீர்கள்.

1. மின்சாரம் ஏற்றி நிலைபெற விடுங்கள்.
2. டிஎஸ்ஐ கிளாக் லேனை அதிவேக நிலையில் ஓடவிடுங்கள். தரவு லேன்கள் எல்பி-11 நிலையில் நிற்க வேண்டும்.
3. எனேபிள் பின்னைத் தாழ்த்துங்கள். 10 மில்லிவினாடி காத்திருங்கள்.
4. எனேபிள் பின்னை உயர்த்துங்கள். மறுபடி 10 மில்லிவினாடி.
5. எல்லா ரெஜிஸ்டர்களையும் எழுதுங்கள். 0டி மட்டும் இன்னும் 00.
6. 0டி-யின் பிட் 0-ஐ ஏற்றிப் பிஎல்எல்-ஐ இயக்குங்கள். 10 மில்லிவினாடி.
7. 09-ன் பிட் 0-ஐ ஏற்றி மென் ரீசெட் கொடுங்கள். 10 மில்லிவினாடி.
8. தரவு லேன்களை அதிவேக நிலைக்கு மாற்றி வீடியோவை அனுப்பத் தொடங்குங்கள். 5 மில்லிவினாடி.
9. எழுதியவற்றைத் திரும்பப் படித்துச் சரிபாருங்கள்.
10. இ5 ரெஜிஸ்டரில் எஃப்எஃப் எழுதிப் பழைய பிழைகளை அழியுங்கள். 1 மில்லிவினாடி.
11. இ5-ஐப் படியுங்கள். 00 வந்தால் முடிந்தது. வேறு எது வந்தாலும் 2-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

பலரும் தடுக்கி விழுவது 2-ஆம் படியில். எல்பி-11 என்றால் ஒரு லேனின் இரு கம்பிகளும் ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் உயர்ந்து நிற்கும் ஓய்வு நிலை. எனேபிள் உயரும் நேரத்தில் லேன்கள் அந்த ஓய்வு நிலையில் இருந்தாக வேண்டும். பல டிஎஸ்ஐ ஹோஸ்ட் டிரைவர்கள் இயங்கத் தொடங்கியதுமே வீடியோவைத் தள்ளிவிடும். இன்னும் சில, வீடியோ தொடங்கும் வரை லேன்களைத் தொடவே தொடாது. இரண்டுமே நமக்கு ஆகாது. வரிசை பிசகினாலும் சில வேளை படம் வந்துவிடும்; அதனால்தான் இந்தப் பிழை ஆய்வுக்கூடத்தில் ஒளிந்துகொண்டு வாடிக்கையாளர் கையில் வெளிவருகிறது. ஆஸிலோஸ்கோப்பின் ஒரு முனையை எனேபிள் பின்னிலும் மறுமுனையைத் தரவு லேன் ஒன்றிலும் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் ஐயம் தீரும்.

கிளாக் லேனுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சில ஹோஸ்ட்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்த, தரவு போகாத இடைவெளிகளில் கிளாக்கை நிறுத்திவிடும். சிப்பின் பிஎல்எல் அந்தக் கிளாக்கை நம்பியே இருப்பதால், நிற்காமல் ஓடும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

7-ஆம் படியின் மென் ரீசெட் ரெஜிஸ்டர்களில் எழுதியதை அழிக்காது. அந்தப் பிட் தானே 0-வுக்குத் திரும்பிவிடும். படித்துப் பார்த்து 0 வந்தால் பதற வேண்டாம். டிஎஸ்ஐ கிளாக்கின் வேகத்தையோ பர்ஸ்ட் முறையையோ பின்னர் மாற்றினால் மென் ரீசெட்டையும் மறுபடி கொடுக்க வேண்டும்.

யூ-பூட்டில் எங்கே எழுதுவது

யூ-பூட்டின் டிரைவர் மாடலில் பிரிட்ஜ் சிப்புகளுக்கென்றே ஒரு வகுப்பு இருக்கிறது. டிரைவர் நிரப்பித் தரக்கூடியவை நான்கு செயல்கள்: சிப்பை எழுப்பி இணைப்பது, இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது, பேக்லைட்டை மாற்றுவது, எடிட் தரவைப் படிப்பது. நம் சிப்புக்கு முதல் செயல்தான் உயிர்நாடி. எல்விடிஎஸ் பேனல் எடிட் சொல்லாது. நேர அளவுகள் டிவைஸ் ட்ரீயிலிருந்தே வர வேண்டும்.

இந்த வகுப்பு ஸ்லீப், ரீசெட், ஹாட்பிளக் என்ற மூன்று ஜிபிஐஓ-க்களைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கெர்னலுக்கான டிவைஸ் ட்ரீயில் நம் சிப்பின் பின் எனேபிள் என்ற பெயரில் வரும். ஒரே டிவைஸ் ட்ரீயை இரண்டுக்கும் வைத்துக்கொள்ள வேண்டுமானால், எனேபிள் ஜிபிஐஓ-வை உங்கள் டிரைவரின் ப்ரோப் பகுதியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை ரீசெட் என்று பெயரிட்டு வகுப்பிடம் ஒப்படைத்தால் முனைவைக் கவனிக்க வேண்டும்: பின் தாழ்ந்திருப்பதுதான் ரீசெட் நிலை, எனவே தாழ்வே செயல்நிலை என்று டிவைஸ் ட்ரீயில் குறிக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் அந்த இரண்டு 10 மில்லிவினாடிகளை உங்கள் டிரைவரே எண்ணட்டும். பொதுச் செயல்கள் காத்திருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்தது, பதினொரு படிகளை யார் எப்போது செய்வது. டிஎஸ்ஐ ஹோஸ்டுக்கும் யூ-பூட்டில் தனி வகுப்பு உண்டு. அதில் தொடக்கம், இயக்கம் என இரண்டு அழைப்புகள். தொடக்கத்தின் முடிவில் கிளாக் ஓடி லேன்கள் எல்பி-11-ல் நிற்கும்படியும், இயக்கத்தில் மட்டும் வீடியோ கிளம்பும்படியும் உங்கள் ஹோஸ்ட் டிரைவர் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. 3 முதல் 7 வரையிலான படிகளை இரண்டுக்கும் நடுவே செருகினால் போதும். அப்படி இல்லையென்றால் முதலில் ஹோஸ்ட் டிரைவரைப் பிரித்துச் சீராக்குங்கள். பிரிட்ஜ் டிரைவருக்குள் தாமதங்களைக் கூட்டிக்கூட்டி அந்தக் குறையை மறைக்க முடியாது.

ஃப்ரேம்பஃபருக்கான நினைவகத்தையும் மறந்துவிட வேண்டாம். 1280 × 800 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்றால் 40,96,000 பைட். யூ-பூட் தன்னை நினைவகத்தின் மேல்பகுதிக்கு இடம்பெயர்த்துக்கொள்ளும் முன்பே இதை ஒதுக்கி வைக்கிறது. அந்த நேரத்தில் வீடியோ டிரைவர் பிணைக்கப்பட்டிருந்தால்தான் ஒதுக்கீடு நடக்கும். டிவைஸ் ட்ரீயில் வீடியோ கணுவுக்குப் பூட் கட்டக் குறியைப் போட மறந்தால், சிப் சரியாக எழுந்தும் காட்ட இடமில்லாமல் போகும்.

கையால் ஒரு முன்னோட்டம்

டிரைவர் எழுதுமுன், யூ-பூட்டின் கட்டளை வரியிலிருந்தே சிப்போடு பேசிப் பாருங்கள். ஜிபிஐஓ கட்டளையால் எனேபிளை உயர்த்தி, சரியான ஐ2சி பஸ்ஸைத் தேர்ந்து, ப்ரோப் கட்டளை கொடுங்கள். 2சி அல்லது 2டி தெரிந்தால் மின்சாரம், எனேபிள், ஐ2சி மூன்றும் சரி. ஒன்றும் தெரியாவிட்டால் ரெஜிஸ்டர் பக்கம் போகவே வேண்டாம். மீட்டரை எடுத்து 1.8 வோல்ட்டைத் தேடுங்கள்.

அடுத்து 00 முதல் 08 வரை ஒன்பது ரெஜிஸ்டர்களைப் படியுங்கள். 35, 38, 49, 53, 44, 20, 20, 20, 01 என்று வர வேண்டும். முதல் ஐந்தையும் ஆஸ்கி எழுத்துகளாக்கிப் பின்னிருந்து படித்தால் டிஎஸ்ஐ85 என்று வரும். பலகையில் இருப்பது 83 ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். இந்தக் குடும்பத்தின் அடையாளமே அதுதான். டிரைவரின் ப்ரோப்பிலும் இந்த ஒப்பீட்டை வைத்துவிடுங்கள்.

டெஸ்ட் பேட்டர்ன்: சிக்கலை இரண்டாக வெட்டும் கத்தி

திரை கறுப்பாக இருக்கிறது என்றால் குற்றம் சிப்புக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குச் சிப்புக்குள்ளேயே விடை இருக்கிறது. 3சி ரெஜிஸ்டரின் பிட் 4-ஐ ஏற்றினால், ப்ராசஸர் அனுப்பும் பிக்சல்களைப் பொருட்படுத்தாமல் சிப் தானே ஒரு வண்ணக் கோலத்தை உண்டாக்கிப் பேனலுக்கு அனுப்பும். டெஸ்ட் பேட்டர்னுக்கான ரெஜிஸ்டர்களை முன்பே எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தனிக் கிளாக் இல்லாத போர்டில் டிஎஸ்ஐ கிளாக் மட்டும் ஓடினால் போதும்.

கோலம் நன்றாகத் தெரிந்தால் பேனல், அதன் மின்சாரம், பேக்லைட், எல்விடிஎஸ் கம்பிகள், சிப்பின் பிஎல்எல் எல்லாம் சரி. இனி ப்ராசஸர் பக்கம் மட்டும் தேடலாம். கோலமே வரவில்லை என்றால் ப்ராசஸர் கோடைத் தொட வேண்டாம். முதலில் பேனல் பக்கத்தை முடியுங்கள். புதிய போர்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த வரிசையிலேயே போங்கள்: முதலில் கோலம், பிறகு படம்.

அறிகுறியும் காரணமும்

*பேக்லைட் எரிகிறது, திரை முழுக்க வெள்ளை அல்லது கறுப்பு.* எல்விடிஎஸ் கிளாக் போகவில்லை. 0ஏ-வின் பிட் 7 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது பிஎல்எல் இயங்குவதைச் சொல்லும். ஏறியிருந்தும் இ5-ன் பிட் 0 வந்தால் பிஎல்எல் பூட்டிக்கொள்ளவில்லை. 0ஏ, 0பி, 12 மூன்றின் கணக்கையும் மறுபடி போடுங்கள்; ஓடும் டிஎஸ்ஐ கிளாக்கை அளந்து ஒப்பிடுங்கள்.

*கோலம் சரி, படம் உருண்டுகொண்டே இருக்கிறது.* டிஸ்ப்ளே கன்ட்ரோலரின் பிக்சல் கிளாக்கும் டிஎஸ்ஐ கிளாக்கும் சொன்ன விகிதத்தில் இல்லை.

*படம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது.* கிடை சிங்க், பின் இடைவெளி ரெஜிஸ்டர்கள் ஹோஸ்டின் அளவுகளோடு ஒத்துப்போகவில்லை. ஹோஸ்டில் மாற்றிவிட்டுச் சிப்பில் மாற்ற மறந்திருக்கலாம்.

*வடிவம் சரி, நிறம் மட்டும் கெட்டு, சீரான நிழல்கள் பட்டை பட்டையாகத் தெரிகின்றன.* வேசாவும் ஜெய்டாவும் இடம் மாறியுள்ளன. வேசாவில் நான்காவது எல்விடிஎஸ் லேன் ஒவ்வொரு நிறத்தின் உயர் இரு பிட்களைச் சுமக்கிறது. ஜெய்டாவில் தாழ் இரு பிட்களை. 18-ன் பிட் 1-ஐ மாற்றிப் பாருங்கள்.

*படத்தில் ஆங்காங்கே சிறு கிடைக்கோடுகள், பழைய புள்ளிகள்.* சிப்பின் மேல் குற்றமில்லை. ஃப்ரேம்பஃபரில் எழுதியது இன்னும் கேஷில் நிற்கிறது. வீடியோ டிரைவரில் கேஷ் ஃப்ளஷை இயக்குங்கள்.

*மின்சாரத்தைத் துண்டித்து ஏற்றினால் படம் வருகிறது, ரீபூட் கட்டளை கொடுத்தால் வருவதில்லை.* ரீபூட்டில் சிப்பின் மின்சாரம் போவதில்லை. பழைய நிலையிலேயே நிற்கிறது. 3-ஆம் படியில் எனேபிளைத் தாழ்த்துகிறீர்களா என்று பாருங்கள். பேனலையும் இப்போதுதான் அணைத்து ஏற்றுகிறீர்கள் என்றால், அது கேட்கும் அணைப்பு இடைவெளி கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

*இ5-ல் பிட் 4 முதல் 7 வரை ஏதோ ஒன்று ஏறுகிறது.* ஈசிசி, சிஆர்சி, சிங்க் பிழைகள். லேன் எண்ணிக்கை, லேன்களின் வரிசை, 12-ன் வீச்சு ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னும் போகவில்லை என்றால், போர்டின் தடங்களையும் கேபிளையும் சந்தேகப்படலாம்.

கெர்னலிடம் ஒப்படைத்தல்

பூட்லோடர் காட்டிய படம் கெர்னல் ஏறும்போது அணைந்து மறுபடி வந்தால் அதுவும் கண்ணில் உறுத்தும். கெர்னலின் டிரைவர் தன் முறை வந்ததும் எனேபிளைத் தாழ்த்தி உயர்த்தும். அந்த நொடியில் சிப்பின் ரெஜிஸ்டர்கள் எல்லாம் அழிந்துவிடும், அவற்றை அது மறுபடி எழுதும். ஒரு சிமிட்டல் தவிர்க்க முடியாதது. அதைச் சின்னதாக்க, பேனலின் மின்சாரத்தையும் பேக்லைட்டையும் எப்போது அணைப்பது, எப்போது ஏற்றுவது என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

அதற்கு முன்பே படம் அணைந்தால் காரணம் வேறு. லினக்ஸ் கெர்னல் எழுந்து முடிந்ததும், யாரும் உரிமை கோராத கிளாக்குகளை நிறுத்துகிறது. உரிமை கோராத ரெகுலேட்டர்களை இன்னும் 30 வினாடி பொறுத்து அணைக்கிறது. அரை நிமிடம் நன்றாக இருந்த திரை திடீரென்று போனால் ரெகுலேட்டர் பக்கம் பாருங்கள். டிவைஸ் ட்ரீயில் சிம்பிள் ஃப்ரேம்பஃபர் கணு ஒன்றைச் சேர்த்து, படத்துக்குத் தேவையான கிளாக்குகளையும் ரெகுலேட்டர்களையும் அதில் குறிப்பிட்டால், உண்மையான டிரைவர் வரும் வரை அவற்றுக்கு ஒரு உரிமையாளர் இருப்பார். ஃப்ரேம்பஃபர் இருக்கும் நினைவகப் பகுதியையும் ஒதுக்கப்பட்டதாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் கெர்னல் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ள, திரையில் குப்பை தெரியும்.

உற்பத்திக்கு அனுப்புமுன்

- அடையாள ரெஜிஸ்டர்களை ஒப்பிட்டுப் பொருந்தாவிட்டால் டிரைவர் பிழை சொல்லி விலக வேண்டும். திரை எழாததால் கருவியே எழாமல் நின்றுவிடக் கூடாது.
- 11-ஆம் படியின் மறுமுயற்சிக்கு ஒரு எல்லை வையுங்கள். முடிவில்லாத சுற்றில் பூட்லோடர் மாட்டிக்கொண்டால் கருவி செத்ததற்குச் சமம்.
- எனேபிள் உயரும்போது லேன்கள் எல்பி-11-ல் நிற்பதை ஆஸிலோஸ்கோப்பில் படம்பிடித்து ஆவணத்தில் சேருங்கள்.
- மின்சாரம் துண்டித்த தொடக்கம், ரீபூட், வாட்ச்டாக் ரீசெட் மூன்றையும் தனித்தனியே பலமுறை சோதியுங்கள்.
- பேனல் தாங்கும் வெப்ப எல்லையின் இரு முனைகளிலும் சோதித்து, ஒவ்வொரு முறையும் இ5-ன் மதிப்பைப் பதிவு செய்யுங்கள். படம் வந்ததா என்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. படம் வந்தும் இ5 பூச்சியமாக இல்லாத போர்டை அனுப்பாதீர்கள்.
- டெஸ்ட் பேட்டர்னை இயக்க யூ-பூட்டில் ஒரு சிறு கட்டளையை விட்டு வையுங்கள். பழுது பார்க்க வரும் போர்டில் பேனலை மாற்றுவதா ப்ராசஸர் பலகையை மாற்றுவதா என்பதை, உறையைப் பிரிக்காமலேயே அந்தக் கட்டளை சொல்லிவிடும்.